ஹொக்கி ஹால் ஆஃப் ஃபேம்: ஒரு பழைய கொப்பியோடு போய்ப் பார்த்தோம்

ஹில்ரோய் கொப்பி. மட்டை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. முதல் பக்கத்தில் என் மகனின் ஒன்பது வயதுக் கையெழுத்து. மேலே '2003' என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறான். அதன்கீழ் ஒன்றிலிருந்து முப்பதுவரை முப்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த அணி எடுத்தது என்ற குறிப்பு. தனக்குப் பிடித்த ஆட்களுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் நட்சத்திரம். 2025 டிசம்பரில் ரொறன்ரோவில் உள்ள பனி ஹொக்கி அருங்காட்சியகமான ஹொக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனபோது இந்தக் கொப்பியையும் கையோடு கொண்டு போனோம். மகன், அவனுடைய ஆறு வயது மகள், நான். 1991இலிருந்து இந்த நகரத்தில் இருக்கிறேன். உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

கோயிலில் சந்திக்கும் இரண்டு மூன்று பேர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, காசுக்குப் பெறுமதியா என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் ஒரு கேள்வியோடு போங்கள். சும்மா சுற்றிப் பார்த்தால் உடுப்பும் தடியும் பனிச்சப்பாத்துமாகத்தான் தெரியும். எங்கள் கேள்வி கொப்பியில் இருந்தது: இந்தப் பையன்களெல்லாம் கடைசியில் என்ன ஆனார்கள்?

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் வெளியே குளிருக்குள் போகாமலே, நிலத்துக்குக் கீழுள்ள பாத் என்ற நடைபாதை வழியாக புரூக்ஃபீல்ட் பிளேஸுக்கு நடந்து வந்துவிடலாம். நாங்கள் ஸ்காபரோவிலிருந்து கோ ரயிலில் வந்தோம், சின்னப் பிள்ளையோடு அதுதான் லேசு. ஹாலின் வாசல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. யங் வீதியும் ஃப்ரன்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் அழகான பழைய வங்கிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு அங்கே கதவைத் தேடாதீர்கள். அந்தக் கட்டடமும் ஹாலின் பகுதிதான், ஆனால் உள்ளே போகும் வழி கீழேதான். டிக்கெட் விலை மாறிக்கொண்டிருக்கும், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ரொறன்ரோ அணியான லீஃப்ஸின் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு கதிரைக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் ஒரு குடும்பமே இங்கே போய்வரலாம். மூன்று மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன்.

டிராஃப்ட் என்பது வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லி எடுக்கும் நாள். முந்தின சீசனில் பின்தங்கிய அணிக்கு முன்னால் எடுக்கும் உரிமை, மேல் இடங்களுக்குக் குலுக்கலும் உண்டு. 2003இல் அது ஜூன் 21, 22 இரண்டு நாளும் நாஷ்வில் நகரில் நடந்தது. ஒன்பது சுற்று, மொத்தம் 292 பேர். எங்கள் லீஃப்ஸுக்கு அந்த வருஷம் முதல் சுற்றில் ஆளே இல்லை. மார்ச் மாதம் சான் ஹோசேயிலிருந்து ஓவன் நோலனைக் கொண்டுவருவதற்காக அந்த உரிமையைக் கொடுத்திருந்தார்கள். என் மகன் சனிக்கிழமை காலையிலேயே டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். பெயர் பெயராகப் போகிறது, லீஃப்ஸ் வரவில்லை. அவர்களுடைய முறை வந்தது 57ஆவது இடத்தில். அன்று எடுத்த ஜோன் டோஹர்ட்டி என்ற பையன் பிறகு என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மகனுக்கு அழுகை வந்துவிட்டது. நான் மாலை வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், "மற்ற அணிகள் எடுத்த ஆட்களை எழுதி வை, பிறகு யார் நல்லாய் வாறார்கள் என்று பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இந்தப் பக்கம் எழுதி முடிந்திருந்தது.

22 வருஷம் ஆகிவிட்டது. 2003 டிராஃப்ட் என்எச்எல் கண்ட ஆகச் சிறந்த வகுப்புகளில் ஒன்று என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கொப்பியில் இருக்கும் முப்பது பேரும் குறைந்தது ஒரு ஆட்டமாவது என்எச்எல்லில் ஆடினார்கள். முதல் சுற்றில் எடுத்தவர்களில் சிலர் காணாமல் போவது எந்த வருஷமும் நடப்பது. அதனால் இது சின்ன விஷயமில்லை.

ஹாலுக்குள் எல்லாரும் முதலில் தேடுவது என்எச்எல்லில் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கப்பைத்தான். நாங்களும் நேரே அங்கேதான் போனோம். அது இருக்கும் மண்டபம் 1885இல் கட்டிய மொன்றியல் வங்கிக் கட்டடம். உச்சியில் நிறக்கண்ணாடிக் குவிமாடம். அன்று வெளியே வெயில் எறித்ததால் மேலிருந்து வந்த வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது. பேத்தி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். கீழே, நடுவில், கப். மூன்றடி உயரம்கூட இல்லை. டீவியில் பார்த்து ஏதோ பெரிய சாமான் என்று நினைத்திருந்தேன். கிட்டப் போய் நின்றால் ஒரு குத்துவிளக்கின் உயரம்.

ஒரு விஷயத்தை மகன் முன்பே வாசித்து வைத்திருந்தான். வென்றவர்கள் தூக்கும் கப் ஒன்று, அது ஊரில் இல்லாத நாட்களில் ஹாலில் வைக்கும் நகல் ஒன்று. 1984இல் எட்மன்ரன் அணி வென்றபோது உரிமையாளர் தன் தகப்பனின் பெயரையும் சேர்த்துப் பதிக்கவைத்தார். பிறகு அந்தப் பெயரின்மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து மறைத்தார்கள். நகலில் அந்த எக்ஸ்கள் கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிக்க இப்போதுதான் பழகும் பேத்திக்கு எக்ஸ் நன்றாகத் தெரியும். "அப்பம்மா, இங்க! எக்ஸ், எக்ஸ், எக்ஸ்!" என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அசல் கப்தான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் எங்களிடம் கேட்டு, அவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

பெயர்களைக் கையால், சின்னச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பதிக்கிறார்கள். கிட்ட இருந்து பார்த்தால் ஒரே வரியில் ஒரு எழுத்து கொஞ்சம் ஏறியும் மற்றது கொஞ்சம் இறங்கியும் இருப்பது தெரிகிறது. தாலிக்குப் பெயர் வெட்டும் ஆசாரியின் வேலை எனக்கு ஞாபகம் வந்தது. கப்பின் உடம்பு ஐந்து பெரிய வளையங்கள். ஒரு வளையத்தில் 13 சீசன்களின் பெயர்கள் நிறையும். ஐந்தும் நிறைந்தால் மேல் வளையத்தைக் கழற்றிப் பாதுகாப்பறையில் வைத்துவிட்டு, அடியில் புதிதாக ஒன்று போடுவார்கள். 2018இல் அப்படித்தான் செய்தார்கள்.

நாலாவது வளையத்துக்கு வந்ததும் மகன் கொப்பியைத் திறந்தான். அந்த வளையம் தொடங்குவதே ஆட்கள் இல்லாத ஒரு வரியில்: '2004-05, சீசன் ஆடப்படவில்லை.' சம்பளத் தகராறில் அந்த வருஷம் முழுக்க ஹொக்கி நடக்கவில்லை. 2003இல் எடுத்த பையன்கள் மேலே வரவேண்டிய நேரத்தில் கதவு பூட்டியிருந்தது. அவர்களில் பலர் ஒரு வருஷம் தாமதமாக, ஒரே நேரத்தில், 2005 இலையுதிர்காலத்தில் உள்ளே வந்தார்கள். அந்த வளையம் முடிவது 2017இல். இடைப்பட்ட காலந்தான் இந்த வகுப்பின் பொற்காலம் என்று சொல்லலாம். வீட்டில் இருந்து எத்தனை தடவை பட்டியலைப் பார்த்தும் இது எனக்கு விளங்கவில்லை. அந்த வெள்ளி வளையத்தைச் சுற்றி நடந்தபோதுதான் விளங்கியது.

2006 கரோலைனா வரியில் எரிக் ஸ்டால். கொப்பியில் இரண்டாவது பெயர். அந்த சீசனில் 100 புள்ளி எடுத்தான், வயது 21. 2007 அனஹைம் வரியில் ரயன் கெட்ஸ்லாஃபும் கோரி பெரியும், 19ஆவதும் 28ஆவதும். ஒரே அணி, ஒரே சுற்றில் எடுத்த இரண்டு பேர். 2009 பிட்ஸ்பர்க் வரியில் கோல் காப்பாளன் ஃப்ளூரி. அதிலிருந்து 2017வரை, ஒவ்வொரு வருஷ வரியிலும் 2003இல் எடுத்த யாராவது ஒருவர் இருக்கிறார். 2010 சிக்காகோ: சீப்ரூக், பஃப்லின். 2011 பொஸ்டன்: பெர்ஜெரோன், ஹோர்ட்டன். 2012 லொஸ் ஏஞ்சலிஸ்: பிரவுன், கார்ட்டர், ரிச்சர்ட்ஸ். பிறகு திரும்பவும் சிக்காகோ, திரும்பவும் லொஸ் ஏஞ்சலிஸ், திரும்பவும் சிக்காகோ, கடைசி இரண்டும் ஃப்ளூரியின் பிட்ஸ்பர்க். மகன் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வான், நான் கொப்பியில் சரி போடுவேன். சனம் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் விலகி வழிவிட்டு, திரும்பவும் சுற்றினோம். அங்கே வேலை செய்யும் ஒரு இளம்பெண் எங்கள் கொப்பியை எட்டிப் பார்த்து, சிரித்து, "ஆறுதலாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

ஃப்ளூரிக்குக் கொப்பியில் நட்சத்திரம் இருக்கிறது. காரணம் அவனுடைய மஞ்சள் நிறக் காற்பட்டைகள், மகனுக்கு அந்த நிறத்தில் அப்படியொரு ஆசை. பிட்ஸ்பர்க்குக்கு அந்த வருஷம் மூன்றாவது இடந்தான் கிடைத்தது. புளோரிடாவோடு பேரம் பேசி முதலாவது இடத்துக்கு ஏறி அவனை எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில், உலக இளையோர் இறுதி ஆட்டத்தில், அவன் பந்தை, அதாவது பக் என்ற ரப்பர் வட்டை, வெளியே தள்ளப்போக, அது சொந்த அணி வீரன் ஒருவனில் பட்டுத் தன் வலைக்குள்ளேயே போனது. கனடா தோற்றது. வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 2009 ஜூன் 12, டிட்ரோயிட்டில் கப் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க் 2-1 என்று வென்றது. கடைசி வினாடியில் லிட்ஸ்ட்ரோம் அடித்ததை உடம்பைக் குறுக்கே எறிந்து மறித்தான் பாருங்கள், அது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. 2025இல் ஓய்வு பெறும்போது 575 வெற்றி. அவனுக்கு மேலே மார்ட்டின் புரோடர் ஒருவர்தான்.

2011 வரியில் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றேன். நேதன் ஹோர்ட்டன் மூன்றாவதாக எடுக்கப்பட்டவன். அந்த வசந்தத்தில் மொன்றியலை ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் வீழ்த்தினான், தம்பாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் ஒரே கோலையும் அவன்தான் போட்டான். இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் தலையில் அடிபட்டு அத்தோடு முடிந்தது. ஆனால் கடைசி ஆட்டத்துக்கு வன்கூவர் போய், பொஸ்டன் பனியை உருக்கிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் அந்த ஐஸில் ஊற்றினான். பொஸ்டன் 4-0 என்று வென்றது, அதில் இரண்டு பெர்ஜெரோன் அடித்தது. எதிர்ப்பக்கம் நின்று தோற்றவர்களில் ரயன் கெஸ்லர், கொப்பியில் 23ஆவது. அந்த வருஷம் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது பெரிக்கு, தற்காப்பில் சிறந்த முன்களக்காரருக்கான செல்கி விருது கெஸ்லருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் 2003தான். ஹோர்ட்டனுக்கோ முதுகு விட்டுக்கொடுக்கவில்லை, 2014க்குப் பிறகு ஆடவே இல்லை. கப்பில் அவன் பெயர் இருப்பதைக் கண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

2012 வரியும் அப்படித்தான். கார்ட்டரும் ரிச்சர்ட்ஸும் பிலடெல்ஃபியா ஒரே சுற்றில் எடுத்த இரண்டு பிள்ளைகள், 11ஆவதும் 24ஆவதும். 2011 ஜூன் 23ஆம் தேதி இரண்டு பேரையும் ஒரே நாளில் வேறு வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேரும் லொஸ் ஏஞ்சலிஸில் திரும்பச் சேர்ந்து கப்பைத் தூக்கினார்கள். முதலில் தூக்கிய தலைவன் டஸ்டின் பிரவுன், அவனும் கொப்பியில் 13ஆவது.

கப்பைச் சுற்றியிருக்கும் சுவர்களில் ஹாலில் சேர்க்கப்பட்டவர்களின் முகங்கள், கண்ணாடியில் செதுக்கியவை. அவை சேர்க்கப்பட்ட ஆண்டு வரிசையில் இருக்கும். ஒரே டிராஃப்டில் வந்தவர்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டுமானால் நாமேதான் நடந்து நடந்து சேர்க்கவேண்டும். அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. 2024 வரிசையில் ஷே வெபர். கொப்பியில் அவன் இல்லை, ஏனென்றால் அவன் இரண்டாவது சுற்று, 49ஆவது. எடுத்தது நாஷ்வில், அதுவும் தன் சொந்த ஊர் மண்டபத்தில் வைத்து. அன்று எடுத்த மேலாளர் டேவிட் பொய்லும் அதே 2024இல் ஹாலில் சேர்க்கப்பட்டார். எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒரே வருஷம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாஷ்வில் அந்த டிராஃப்டில் முதலில் எடுத்தது ரயன் சூட்டரை, ஏழாவதாக. வெபரும் சூட்டரும் பிறகு எத்தனையோ வருஷம் பின்களத்தில் சோடியாக நின்றார்கள்.

வெபரின் அடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2010 ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக அவன் அடித்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு பின்னால் போய்விட்டது. கோலா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் கோல் என்றார்கள். 2015இல் நட்சத்திர வீரர்கள் கூடும் ஆல்-ஸ்டார் வார இறுதியில் அவன் அடி மணிக்கு 108.5 மைல். கப் அவனுக்குக் கிடைக்கவில்லை. 2021இல் மொன்றியலோடு இறுதிவரை போய்த் தோற்றான். அந்த மொன்றியல் அணிதான் முதல் சுற்றில் எங்கள் லீஃப்ஸை, 3-1 என்று முன்னால் நின்ற லீஃப்ஸை, வீட்டுக்கு அனுப்பியது. வெபர், பெரி, ஸ்டால் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். இதைக் கதைக்கும்போது மகனின் முகம் இன்னும் வாடும்.

பேத்திக்கு அந்த 2024 வரிசையில் பிடித்தது நட்டலி டார்விட்ஸும் கிறிஸ்ஸி வென்டெலும், அதே வருஷம் சேர்க்கப்பட்ட இரண்டு அமெரிக்கப் பெண்கள். "பொம்பிளைப் பிள்ளையளும் இருக்கினமோ?" என்று கேட்டாள். அந்த இரண்டு கண்ணாடிக்கும் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தோம்.

உலக ஹொக்கிப் பகுதிக்குப் போனபோது 2010 வன்கூவர் ஒலிம்பிக் பற்றிக் கதை வந்தது. பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு நிலவறையில் பதினைந்து பேர். அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி, நான் மேலேயும் கீழேயுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கனடா 2-1. முடிய 24 வினாடி இருக்கும்போது ஸாக் பரீஸி அடித்து அமெரிக்கா சமப்படுத்தியது. வீடே அமைதி. பிறகு மேலதிக நேரத்தில் கிராஸ்பி போட்ட கோலை எல்லாரும் அறிவார்கள். ஆனால் மற்றதையும் பாருங்கள். அந்த ஆட்டத்தில் மொத்தம் ஐந்து கோல். கனடாவின் இரண்டாவது பெரி, அமெரிக்காவின் இரண்டும் கெஸ்லரும் பரீஸியும். ஐந்தில் மூன்று என் மகனின் கொப்பியில் இருந்த பெயர்கள். கனடா அணியில் அந்த வகுப்பிலிருந்து எட்டுப் பேர், அமெரிக்க அணியில் ஆறு பேர். அன்றைக்கு ஆட்டம் முடிந்த பிறகு அவன் மேலே ஓடிப்போய்ப் பெட்டிக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து வந்து காட்டியது எனக்கு நல்ல ஞாபகம்.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: நிறைய இருக்கிறது. திரையில் வரும் கோல் காப்பாளருக்கு எதிராக உண்மையான தடியால் உண்மையான பந்தை அடிக்கலாம். காப்பாளராக நின்று மறிக்கவும் செய்யலாம். பேத்தி ஏழு தடவை வரிசையில் நின்றாள். மொன்றியல் அணியின் உடை மாற்றும் அறையை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். லீஃப்ஸ் வீடு எங்களுடையது, எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். கடைசியில் கடை. ஒரு பந்து மட்டும் வாங்கினோம்.

உணவுக்கு அதே கட்டடத்தில் உணவுத்தளம் இருக்கிறது. அங்கே ஒரு மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தோம். நட்சத்திரம் போட்ட இன்னொரு பெயர், 12ஆவது, நியூயோர்க் ரேஞ்சர்ஸ் எடுத்த ஹியூ ஜெசிமன். ஆறடி ஆறு அங்குலம். ஒன்பது வயதுப் பையனுக்கு உயரமான ஆள் என்றால் அதுவே போதும், நட்சத்திரம். அவன் என்எச்எல்லில் ஆடியது இரண்டே ஆட்டம், அதுவும் எட்டு வருஷம் கழித்துப் புளோரிடாவுக்காக 2011இல். அவனுக்கு அடுத்ததாகப் போனவர்கள் பிரவுன், சீப்ரூக். ரேஞ்சர்ஸின் பிழை என்று இதை எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எட்டு வருஷம் சின்னச் சின்ன ஊர்களில் பஸ் ஏறி ஏறி ஆடி, ஒரு நாள் மேலே வந்து காட்டியிருக்கிறான். மகனும் அந்த நட்சத்திரத்தை அழிக்கவில்லை. "இருக்கட்டும் அம்மா" என்றான்.

பெரிக்கு நட்சத்திரம் இல்லை. ஓட்டம் போதாது என்று சொல்லி 28ஆவது இடம்வரை விட்டிருந்தார்கள். அவனுக்குக் கிடைக்காதது என்று ஒன்றுமே இல்லை: கப், இரண்டு ஒலிம்பிக் தங்கம், உலகக் கிண்ணம், இளையோர் தங்கம், ஹார்ட். 2020இலிருந்து 2025வரை வேறு வேறு நாலு அணிகளோடு ஐந்து தடவை இறுதிக்குப் போய் ஐந்தும் தோற்றான். ஆனாலும் நாங்கள் கொப்பியை விரித்த அன்று இரவும் அவன் ஆடிக்கொண்டுதான் இருந்தான், அந்த சீசனில் லொஸ் ஏஞ்சலிஸில். பிரென்ட் பேர்ன்ஸும் அப்படித்தான். 20ஆவதாக மினசோட்டா முன்களக்காரனாக எடுத்து, பின்களத்துக்கு மாற்றிய ஆள். 2017இல் சிறந்த பின்களக்காரருக்கான நொரிஸ் விருது. 40 வயதில் கொலராடோவில் 1,500 ஆட்டத்தைத் தாண்டிவிட்டான், அன்றுவரை கப் கிடைக்கவில்லை. 2003 வகுப்பு அன்றைக்கும் முடிந்திருக்கவில்லை.

கொப்பியின் பெரிய குறை அது முப்பதோடு நின்றுவிட்டது. அந்த வகுப்பின் அதிசயம் பின்னால்தான் இருக்கிறது. 205ஆவது ஜோ பவெல்ஸ்கி, ஏழாவது சுற்று, 476 கோல். 245ஆவது பஃப்லின். 271ஆவது ஹலாக். 292 பேரில் 291ஆவது, நியூமார்க்கெட் பையன் பிரையன் எலியட், 500 ஆட்டத்துக்கு மேல் கோல் காத்தான். எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகத் தொடங்கிய நேரத்தில் எடுத்த பெயர்கள். அப்புறம் பெர்ஜெரோன், 45ஆவது. 44 தடவை அணிகள் அவனைத் தாண்டிப் போயின. பொஸ்டன்கூட முதல் சுற்றில் வேறு ஒருவனைத்தான் எடுத்தது. மூன்று மாதத்தில் 18 வயதில் பெரிய அணியில் ஆடத் தொடங்கி, 2023வரை அதே ஒரு அணிக்கு ஆடி, ஆறு செல்கி விருது எடுத்தான். வேறு எவரும் அத்தனை எடுத்ததில்லை. 2013 இறுதியில் விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் துளை விழுந்து, அதோடும் ஆடினான். நான் ஒரு அம்மா. அதைக் கேட்டபோது எனக்குக் கோபந்தான் வந்தது.

ஹாலில் சேர்க்கப்பட ஆடி முடித்து மூன்று வருஷம் ஆகவேண்டும். பெர்ஜெரோனின் முறை 2026இல்தான் தொடங்குகிறது. அதனால் அந்தக் கண்ணாடிச் சுவரில் இந்த வகுப்பிலிருந்து நாங்கள் பார்த்தது வெபரை மட்டுந்தான். இனிமேல்தான் ஒவ்வொருவராக வரப்போகிறார்கள். நீங்கள் இந்த இடத்துக்குப் போக நினைத்தால் நவம்பருக்குப் பிறகு போங்கள். புதிதாகச் சேர்க்கப்படுபவர்களுக்கான விழா நவம்பரில்தான் நடக்கும், அதற்குப் பிறகு போனால் அந்த வருஷத்து ஆட்களையும் பார்த்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வருஷத்து டிராஃப்ட் பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள், முதல் சுற்றோடு நிற்காமல் கடைசி வரைக்கும். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். முழு மனதோடுதான்.

கோ ரயிலில் திரும்பி வரும்போது பேத்தி நித்திரையாகிவிட்டாள். மகன் கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்து, ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணக் கோண, '45. பட்ரிஸ் பெர்ஜெரோன், பொஸ்டன்' என்று எழுதினான். அதன்கீழ் '49. ஷே வெபர், நாஷ்வில்.' கையில் சிவப்புப் பென்சில் இல்லை. வீட்டுக்கு வந்து போட்டோம்.